நடுக்கடலில் ஒரு சாவு: செய்தியில் எதை நம்பலாம்?

வாசகர் கேள்வி – பதில்

சொகுசுக் கப்பலில் யாராவது இறந்தார்கள், காணாமல் போனார்கள் என்று செய்தி வந்தால் இரண்டு நாளைக்கு வேறு பேச்சு இருப்பதில்லை. அதைப் படித்துவிட்டு ‘இதெல்லாம் உண்மைதானா?’ என்று சந்தேகப்பட்டு எழுதியவர்களின் கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: முதல் நாள் ‘அனைவரும் நலம்’ என்கிறார்கள். மறுநாள் ‘கொலை’ என்கிறார்கள். கப்பல் செய்தியில் மட்டும் ஏன் இவ்வளவு குளறுபடி?

பதில்: கரையில் ஒரு குற்றம் நடந்தால் நிருபர் நேரில் போய்ப் பார்க்கலாம், பக்கத்து வீட்டாரிடம் கேட்கலாம், காவல் நிலைய வாசலில் காத்திருக்கலாம். ஓடும் கப்பலில் இது எதுவும் நடக்காது. அங்கிருந்து தகவல் வெளியே வர நாலே வழிதான்: கப்பல் நிறுவனத்தின் அறிக்கை, பயணிகளின் செல்பேசி, விசாரணை அதிகாரிகள், பிறகு நீதிமன்ற ஆவணம். முதல் இரண்டும் சில மணி நேரத்தில் வந்துவிடும். பின்னிரண்டு வர வாரக்கணக்கில் ஆகும், சில வழக்குகளில் மாதக்கணக்கில். ஆகவே முதல் நாள் செய்தி என்பது, தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய ஒருவர் சொன்னதும், நடைபாதைக் கோடியில் நின்று அரைகுறையாகப் பார்த்த ஒருவர் சொன்னதும் சேர்ந்த கலவை.

1985 அக்டோபர் 7-ஆம் தேதி எகிப்துக் கரைக்கு அப்பால் ‘அக்கீலே லாரோ’ என்ற இத்தாலியக் கப்பலை ஆயுதம் தாங்கிய நால்வர் கடத்தினார்கள். மறுநாள் சக்கர நாற்காலியில் இருந்த லியோன் கிளிங்ஹாஃபர் என்ற 69 வயது அமெரிக்கப் பயணியைச் சுட்டு, உடலைக் கடலில் வீசினார்கள். ஆனால் கப்பலிலிருந்து வானொலியில் வந்த செய்தி, எல்லோரும் நலம் என்பதுதான். சொன்னவர் கேப்டன். துப்பாக்கி முனையில் நிற்கும் கேப்டன் வேறு என்ன சொல்வார்? கடத்தல்காரர்கள் 9-ஆம் தேதி கப்பலை விட்டு இறங்கிய பிறகே உண்மை தெரிந்தது. உலகமே ‘நல்லபடியாக முடிந்தது’ என்று நம்பிய அந்தச் சில மணி நேரச் செய்தியில் பத்திரிகைகள் எதையும் இட்டுக்கட்டவில்லை. மூலமே ஒன்றுதான், அதுவும் சுதந்திரமாகப் பேச முடியாத நிலையில் இருந்தது.

அதனால், செய்தியை வரி வரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ‘இதை யார் நேரில் பார்த்திருக்க முடியும்? அது எந்த வழியாக வெளியே வந்தது?’ என்று கேளுங்கள். ‘தகவலறிந்த வட்டாரங்கள்’ என்று மட்டும் இருந்தால் அந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டு ஒதுக்கி வையுங்கள். பொய் என்று ஒதுக்க வேண்டாம், ஆதாரம் வரும்வரை காத்திருக்கட்டும்.

கேள்வி: ‘சர்வதேசக் கடற்பரப்பில் எந்தச் சட்டமும் இல்லை’ என்று ஒரு தொலைக்காட்சியில் அடித்துச் சொன்னார்கள். சரியா?

பதில்: தவறு. ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 92-ஆம் பிரிவுப்படி, ஆழ்கடலில் செல்லும் கப்பல் எந்த நாட்டின் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டின் அதிகாரத்துக்கு உட்பட்டது. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கி.மீ. வரை கரை நாட்டின் பிராந்தியக் கடல். அதற்குள்ளும் கடந்துபோகும் கப்பலில் நடந்த குற்றத்தில் கரை நாடு எடுத்த எடுப்பில் கை வைப்பதில்லை. குற்றத்தின் விளைவு கரையைத் தொட்டால், நாட்டின் அமைதி குலைந்தால், கேப்டனோ கொடி நாட்டுத் தூதரோ உதவி கேட்டால், போதைப்பொருள் கடத்தலாக இருந்தால் தலையிடலாம் என்கிறது 27-ஆம் பிரிவு. துறைமுகத்தில் கட்டிய கப்பலில் கரை நாட்டின் கை இன்னும் நீளும்.

இதற்கு மேல் பாதிக்கப்பட்டவரின் நாடும் உரிமை கோரலாம். அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் அல்லது அங்கே வந்து சேரும் பயணத்தில் அமெரிக்கக் குடிமகன் செய்த குற்றத்தையும் அவருக்கு எதிராக நடந்த குற்றத்தையும், கப்பல் வெளிநாட்டுக் கொடியில் இருந்தாலும், அமெரிக்கச் சட்டம் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. வருவது அப்படித்தான்.

சட்டம் இல்லை என்பது பொய்யாக இருந்தாலும் அந்தப் பொய்க்குள் ஒரு நியாயமான கவலை இருக்கிறது. பெரிய சொகுசுக் கப்பல்கள் பல பஹாமாஸ், பனாமா, மால்டா போன்ற நாடுகளிலோ பிரிட்டனுக்கு உட்பட்ட பெர்முடாவிலோ பதிவாகி, அந்தக் கொடியோடு ஓடுபவை. சம்பவ இடம் கொடி நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான கி.மீ. தள்ளி இருக்கலாம். 2011-இல் பஹாமாஸ் கொடிக் கப்பல் ஒன்றில் ஒரு பெண் ஊழியர் காணாமல் போனார். கப்பல் இருந்தது மெக்சிகோவின் பசிபிக் கரைப் பக்கம். விசாரிக்க விமானம் ஏறி வந்தவர் பஹாமாஸ் காவலர் ஒரே ஒருவர். சட்டம் இருந்தது, விசாரிக்க ஆள் போதவில்லை. செய்தியாளர்கள் தட்டிக் கேட்க வேண்டிய இடம் அதுதான், ‘சட்டமில்லாக் கடல்’ என்ற அலங்கார வார்த்தை அந்தக் கேள்வியை மறைத்துவிடுகிறது.

நல்ல செய்தியில் மூன்று விவரம் இருக்கும்: கப்பலின் கொடி, சம்பவ நேரத்தில் அது இருந்த இடம், சம்பந்தப்பட்டவர்களின் குடியுரிமை. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் யார் விசாரிப்பார்கள் என்று அந்தச் செய்தியால் சொல்ல முடியாது.

கேள்வி: கேபினுக்குள் போனது இரவு 11.50, உதவி கேட்டது 12.50, ‘நடுவில் ஒரு மணி நேரம் என்ன நடந்தது?’ என்று தலைப்பு போட்டிருந்தார்கள். இப்படிப்பட்ட காலவரிசையை நம்பலாமா?

பதில்: அதை அச்சிடும் முன் ஒரு கணக்கு போட்டிருக்க வேண்டும். கப்பலில் கடிகாரங்கள் பல. கதவின் கீ கார்டு பதிவு கப்பல் நேரத்தில் இருக்கும். கப்பலைச் செலுத்தும் இடமான ஓட்டுமேடையில் உள்ள கருவிகள் உலகப் பொது நேரத்தில் (யு.டி.சி.) பதிவு செய்யும். கரையிலுள்ள மீட்பு மையமும் காவல்துறையும் தங்கள் உள்ளூர் நேரத்தில் எழுதும். பயணியின் செல்பேசி எந்த இணைப்பைப் பிடித்திருக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும்.

கப்பல் நேரம் பொது நேரத்துக்கு 5 மணி நேரம் பின்னால், கரை நேரம் 4 மணி நேரம் பின்னால் என்று வைத்துக்கொள்வோம். கார்டில் 23.50, ஓட்டுமேடைப் பதிவில் 04.50, கரைப் பதிவேட்டில் 00.50. மூன்றும் ஒரே நிமிடம்! தலைப்பு கேட்ட அந்த ஒரு மணி நேரம் நடக்கவே இல்லை. காலவரிசையைப் பார்த்ததும் பேப்பரில் மூன்று கட்டம் போட்டு, எல்லாவற்றையும் பொது நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். எந்தக் கடிகாரம் என்று செய்தியில் சொல்லாத நேரத்தைக் கட்டத்துக்குள் எழுதாதீர்கள்.

இந்தப் பிழை நேரத்தோடு நிற்காது. கப்பல் 20 நாட் வேகத்தில் போகிறதென்றால் ஒரு மணி நேரத்தில் 20 கடல் மைல், அதாவது 37 கி.மீ. கடந்திருக்கும். கடிகாரத்தில் ஒரு மணி நேரம் தவறினால் வரைபடத்தில் கப்பல் 12 மைல் எல்லைக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ போய்விடும், எந்த நாடு விசாரிக்கும் என்பதே மாறிவிடும். ஒருவர் கடலில் விழுந்திருந்தால் தேடும் இடமே தவறிவிடும். கடைசியாக அவரைப் பார்த்த நேரத்துக்கும் காணோம் என்று உறுதியான நேரத்துக்கும் இடையில் 3 மணி நேரம் என்றால், கப்பல் வந்த தடத்தில் 111 கி.மீ. நீளம் தேட வேண்டும். அதற்கு மேல் நீரோட்டமும் காற்றும் இழுத்துப்போயிருக்கும் தூரம்.

இறந்த நேரம் இன்னும் தளர்வானது. உடல் வெப்பத்தையும் விறைப்பையும் வைத்துச் சொல்வது ஒரு வீச்சு மட்டுமே. குளிரூட்டிய கேபினில் கிடந்து, பிறகு கப்பலின் பிண அறையில் குளிரில் வைத்த உடல் என்றால் அந்த வீச்சு இன்னும் விரியும். ‘சரியாக 2.15 மணிக்கு இறந்தார்’ என்று எழுதியிருந்தால், அந்த 2.15 எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது கப்பல் மருத்துவர் மரணத்தை உறுதிசெய்து எழுதிய நேரமாக இருக்கும்.

கேள்வி: ‘கருப்புப் பெட்டி உண்மையைச் சொல்லும்’ என்கிறார்களே?

பதில்: கப்பல் எப்படி ஓடியது என்பதை அது சொல்லும். கேபினுக்குள் நடந்தது அதில் பதிவாகாது. கருப்புப் பெட்டி என்று சொல்லப்படும் பயண விவரப் பதிவுக் கருவி இருப்பிடம், வேகம், திசை, ரேடார் படம், சுக்கான், எஞ்சின் உத்தரவுகள், வானொலி உரையாடல், ஓட்டுமேடையில் பேசிய பேச்சு ஆகியவற்றைச் சேமிக்கிறது. பயணிகள் நடமாடும் கூடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பழைய கருவிகளுக்கு 12 மணி நேரம் சேமித்தால் போதும். 2014 ஜூலைக்குப் பிறகு பொருத்தியவை பாதுகாப்புப் பெட்டியில் 48 மணி நேரமும், உள்ளே தனியாக 30 நாளும் வைத்திருக்க வேண்டும். ஒருவர் விழுந்ததை எப்போது ஓட்டுமேடைக்குச் சொன்னார்கள், கப்பல் எப்போது திரும்பியது என்பதற்கு மட்டும் இது அருமையான சாட்சி.

குற்றத்துக்கு முக்கியம் சிசிடிவியும் கார்டு பதிவும். கேமரா நடைபாதையையும் பொது இடங்களையும் பார்க்கும், கேபினுக்குள் பார்க்காது. கதவுப் பதிவும் முழுக்கதை சொல்லாது. எந்தக் கார்டு வெளியிலிருந்து கதவைத் திறந்தது என்று காட்டும். உள்ளிருந்து கைப்பிடியைத் திருப்பி வெளியே போனவரைப் பல பூட்டுகள் பதிவதில்லை. ஒரே கார்டில் இருவர் நுழைந்தாலும் ஒரு வரிதான் விழும். ‘அந்த அறைக்குள் வேறு யாரும் போகவில்லை என்று கார்டு காட்டுகிறது’ என்ற வரி எவ்வளவு பலவீனமானது பாருங்கள்.

கேள்வி: பிரேதப் பரிசோதனையில் ‘ஹோமிசைடு’ என்று வந்த பிறகும் யாரையும் கைது செய்யவில்லை. மூடி மறைக்கிறார்களா?

பதில்: அந்தச் சொல்லைக் ‘கொலை’ என்று மொழிபெயர்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அமெரிக்க முறையில் மருத்துவ ஆய்வாளர் இரண்டு விஷயம் எழுதுவார். ஒன்று மரணத்தின் காரணம்: மூச்சுத்திணறல், தலைக்காயம், நீரில் மூழ்கியது. மற்றொன்று மரணத்தின் விதம்: இயற்கை, விபத்து, தற்கொலை, பிறரால் நேர்ந்தது, முடிவு செய்ய இயலவில்லை. நாலாவதற்குத்தான் ஹோமிசைடு என்று பெயர். இன்னொருவரின் செயலால் உயிர் போனது என்பதோடு அதன் பொருள் முடிந்துவிடுகிறது. தற்காப்புக்காக நடந்ததும் அதில் அடங்கும். யார் செய்தது, என்ன எண்ணத்தில் செய்தது என்பதெல்லாம் வழக்கறிஞர்களும் நீதிமன்றமும் பார்க்க வேண்டியவை. தமிழில் ‘பிறரால் நேர்ந்த மரணம்’ என்று எழுதினால் பாதிச் சண்டை தீரும்.

நச்சுப்பொருள் பரிசோதனை முடிவு வரப் பல வாரம் ஆகும். அதற்கு முன் வருவது முதற்கட்ட முடிவு. இன்னொன்று, சந்தேகத்துக்குரியவர் 18 வயதுக்குக் கீழ் என்றால், பெரியவராகக் கருதி வழக்கு நடத்தாதவரை அவருடைய பெயரையும் படத்தையும் வெளியிட அமெரிக்க மத்தியச் சட்டம் தடை விதிக்கிறது. அதிகாரிகளின் மௌனத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அப்போது ஊடகங்கள் வேறு வாசலைத் தேடும். குடும்ப நீதிமன்றத்தில் அவருடைய பெற்றோர் ஒருவர்மேல் ஒருவர் தாக்கல் செய்த மனுவில் உள்ள வரியை எடுத்து, விசாரணையே சொன்னதுபோல் போடுவார்கள். மனு என்பது ஒரு தரப்பின் வாதம். ‘நீதிமன்ற ஆவணங்கள் தெரிவிக்கின்றன’ என்று இருந்தால், யார் தாக்கல் செய்த ஆவணம் என்று பாருங்கள்.

கேள்வி: ‘சொகுசுக் கப்பல்களில் குற்றம் இரு மடங்கு’, ‘நகரங்களைவிடக் கப்பல் பாதுகாப்பானது’. இரண்டையும் ஒரே வாரத்தில் படித்தேன். எதை எடுத்துக்கொள்வது?

பதில்: எதை எதால் வகுத்தார்கள் என்று பார்க்காமல் இரண்டையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு கப்பலில் எந்நேரமும் 4,000 பயணிகள், 1,500 ஊழியர்கள். வாரம் ஒரு பயணம், ஆண்டுக்கு 52. அந்த ஆண்டில் 10 கடுமையான குற்றங்கள். நிறுவனத்துக்கு வேண்டிய கணக்கு இது: ஏறிய பயணிகள் 52 × 4,000 = 2,08,000. அப்படியானால் ஒரு லட்சம் பேருக்கு 4.8 குற்றம். கேட்கவே இதமாக இருக்கிறது. ஆனால் ஒரு பயணி அங்கே இருந்தது 7 நாள், நகரத்துவாசி 365 நாளும் நகரத்தில் இருக்கிறார். நகரத்தோடு ஒப்பிட வேண்டுமானால் கப்பலில் எந்நாளும் இருக்கும் 5,500 பேரால் வகுக்க வேண்டும். விடை ஒரு லட்சத்துக்கு சுமார் 182. அதே கப்பல், அதே 10 குற்றம், விடையில் 38 மடங்கு வித்தியாசம். (எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.)

‘இரு மடங்கு’ தலைப்பு விழும் குழி வேறு. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டுக் கப்பல் பாதுகாப்புச் சட்டப்படி, அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகளை ஏற்றி இறக்கும், குறைந்தது 250 பயணிகளை ஏற்ற அனுமதி பெற்ற கப்பல்கள் கொலை, சந்தேக மரணம், காணாமல் போதல், ஆள்கடத்தல், பாலியல் தாக்குதல், கடுங்காயம் விளைவித்த தாக்குதல், 10,000 டாலருக்கு மேற்பட்ட திருட்டு போன்றவற்றை எஃப்.பி.ஐ.க்குத் தெரிவிக்க வேண்டும். முதலில் எஃப்.பி.ஐ. விசாரித்து முடித்த வழக்குகளை மட்டுமே வெளியிட்டார்கள். விசாரணையில் இருப்பவை கணக்கில் வரவில்லை, அதனால் எண்ணிக்கை ஏமாற்றும் அளவுக்குக் குறைவாக இருந்தது. 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது புகாரான எல்லாமே காலாண்டு அறிக்கையில் நிறுவன வாரியாக வருகிறது. திருத்தத்துக்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் பக்கத்தில் வைத்தால் குற்றம் திடீரென்று பெருகியதுபோலத் தெரியும். பெருகியது கணக்கில் வந்தவை. 2020 மார்ச் முதல் 2021 நடுப்பகுதிவரை அமெரிக்காவில் பெரிய பயணக் கப்பல்கள் ஓடவே இல்லை. அந்த ஆண்டுகளோடு ஒப்பிட்டாலும் இதே கதைதான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 9,000 டாலர் நகை திருடு போனால் இந்தப் பட்டியலில் வராது. வெளிநாட்டுக் கடலில், அமெரிக்கர் யாரும் சம்பந்தப்படாத குற்றமும் பெரும்பாலும் வராது. ஆகவே ‘பட்டியலில் இல்லை, அதனால் நடக்கவில்லை’ என்று நிறுவனம் சொன்னால் அதையும் ஏற்க வேண்டாம்.

கேள்வி: ‘விசாரணைக்கு முழு ஒத்துழைப்பு’ என்று நிறுவனம் சொல்கிறது. ஆனால் கப்பல் அன்று மாலையே அடுத்த பயணிகளோடு கிளம்பிவிட்டது. தடயத்தை அழித்துவிட்டார்கள்தானே?

பதில்: கிளம்பியதை வைத்து மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. விசாரணைக் குழு துறைமுகத்தில் ஏறி, அந்த ஒரு கேபினை ஆய்வு செய்து, பதிவுகளின் பிரதியை எடுத்துக்கொண்டு, கேபினுக்கு முத்திரை வைத்துவிட்டுக் கப்பலை அனுப்பலாம்.

எங்கள் சந்தேகம் அதற்கு முந்தைய மணி நேரங்களைப் பற்றியது. சம்பவத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவே ஒரு நாளோ இரண்டு நாளோ, இடத்தைக் காப்பதும் சாட்சிகளைப் பிரித்து வைப்பதும் முதல் வாக்குமூலம் எடுப்பதும் கப்பலின் பாதுகாப்பு அதிகாரிகள். அவர்கள் நிறுவனத்தின் சம்பளக்காரர்கள். 2010 சட்டம் குற்ற இடத்தைப் பாதுகாக்கப் பயிற்சி பெற்றவர் ஒருவராவது கப்பலில் இருக்க வேண்டும் என்கிறது. பயிற்சி இருந்தும் தவறு நடக்கும். வழக்கமான நேரத்துக்கு அறை சுத்தம் செய்பவர் வந்துவிடுவார். பால்கனியைக் கழுவிவிடுவார்கள். உறவினர் பெட்டியை எடுக்க உள்ளே போவார். நிருபர் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: கேபினை எத்தனை மணிக்குப் பூட்டினார்கள்? பூட்டிய பிறகு யார் கார்டு அந்தக் கதவைத் திறந்தது? பதிவுகளை அழியாமல் வைக்கும்படி எப்போது உத்தரவு போனது? ‘முழு ஒத்துழைப்பு’ என்ற சொல்லில் இவற்றில் ஒன்றுக்கும் பதில் இல்லை.

கேள்வி: பால்கனியிலிருந்து ‘தவறி விழுந்தார்’ என்று சொன்னால் உடனே நம்பலாமா?

பதில்: உடனே கூடாது. அந்த 2010 சட்டம் தடுப்புக் கம்பி குறைந்தது 42 அங்குலம், சுமார் 107 செ.மீ. உயரம் இருக்க வேண்டும் என்கிறது. தரையில் நிற்கும் சராசரி உயரக்காரருக்கு அது இடுப்புக்கு மேல், சும்மா சாய்ந்தால் விழ முடியாது. ஏறியிருக்க வேண்டும், நாற்காலி மேல் நின்றிருக்க வேண்டும், கம்பியில் உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது யாராவது தூக்கியிருக்க வேண்டும். இந்த நாலில் எது என்று சொல்லத் தடயம் வேண்டும்: கம்பியில் கைரேகை, நாற்காலி இருந்த நிலை, கீழ்த்தளத்து விதானத்தில் அடிபட்ட தடம். அதைச் சொல்லாத செய்தி ‘தவறி விழுந்தார்’ என்றாலும் ‘தள்ளிவிட்டார்கள்’ என்றாலும் ஊகம்தான்.

கேள்வி: செய்தியோடு வரும் கப்பல் படம் அதே கப்பல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஒரே அச்சில் வார்த்த சகோதரக் கப்பல்கள் நாலைந்து இருக்கும், பெயர் மட்டும் வேறு. பெயரும் கொடியும் விற்கும்போது மாறலாம். மாறாதது ஐ.எம்.ஓ. எண், அதாவது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் திட்டப்படி கப்பலுக்குத் தரும் நிரந்தர அடையாள எண். 7 இலக்கம், பயணிகள் கப்பலில் மேலிருந்து பார்த்தாலும் தெரியும்படி எழுதியிருக்க வேண்டும். செய்தியில் கொடுத்த எண் தட்டச்சுப் பிழை இல்லாததா என்று நீங்களே பார்க்கலாம். முதல் ஆறு இலக்கத்தை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். 9074729 என்றால் 63 + 0 + 35 + 16 + 21 + 4 = 139. கடைசி 9, பொருந்துகிறது. பிறகு அந்த எண்ணைக் கப்பல் தடம் காட்டும் தளத்தில் போட்டு, சொன்ன தேதியில் சொன்ன கடலில் அது இருந்ததா என்று பாருங்கள். கரையிலிருந்து தொலைவில் தடம் விட்டு விட்டு வரும். இடைவெளியைப் பார்த்து ‘கருவியை அணைத்துவிட்டார்கள்’ என்று முடிவு கட்ட வேண்டாம்.

கேள்வி: பயணி ஒருவர் எடுத்த வீடியோ என்று எனக்கு வந்தது. பகிரலாமா?

பதில்: முகம் தெரிந்தால் வேண்டாம். சந்தேகத்தில் ஒருவரைச் சுட்டிக்காட்டிய வீடியோவைத் திரும்பப் பெற வழியில்லை. பலமுறை பகிர்ந்து வந்த பிரதியில் எடுத்த நேரமும் இடமும் அழிந்திருக்கும், விசாரணைக்கு அது பயன்படாது. எடுத்தவரை உங்களுக்குத் தெரியுமென்றால், மூலக் கோப்பை வெட்டாமல், வடிகட்டி போடாமல் அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். செல்பேசியில் அப்போது கப்பல் நேரம் இருந்ததா, கரை நேரம் இருந்ததா என்று ஒரு தாளில் எழுதி வைத்து, இரண்டையும் சேர்த்து விசாரணை அதிகாரியிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.